சொந்த ஊர்ச் சாப்பாட்டையே விருந்தாக வைக்கலாமா?

கேள்வி: புதுவயல் பக்கம் உள்ள ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தார், ஆலைத் தொழிலாளர்கள், சுமை தூக்குவோர், லாரி ஓட்டுநர்கள், துப்புரவு வேலை செய்யும் பெண்கள் என மொத்தம் 46 பேர். இந்த ஆண்டு முதன்முறையாக வருடக் கடைசியில் எல்லோருக்கும் இரவு விருந்து வைக்க முதலாளி சம்மதித்து, ரூ.30,000 ஒதுக்கி, பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். டிசம்பர் 31 இரவு வைக்கலாம் என்பது அவர் எண்ணம். காரைக்குடியில் செட்டிநாட்டுச் சமையல் செய்யும் ஓர் உணவகத்தில் விசாரித்தேன். 22 வகை அடுக்கி வைத்து நாமே எடுத்துச் சாப்பிடும் பஃபே என்றால் தலைக்கு ரூ.550, இலை போட்டுப் பரிமாறினால் ரூ.650 என்கிறார்கள். ஊழியர்களில் ஏழு பேர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார்கள், ஐந்து பேர் எப்போதும் சைவம், இரண்டு பேர் முஸ்லிம்கள். சுமை தூக்குவோருக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டால் செலவு குறையும் என்கிறார் ஒருவர். நம் ஊர்ச் சாப்பாட்டையே நமக்குப் போட்டால் அதில் என்ன விருந்து இருக்கிறது என்று கேட்கிறார் இன்னொருவர். சில இளைஞர்கள் மது ஏற்பாடும் வேண்டும் என்கிறார்கள். எதைச் செய்வது, எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

— ஒரு வாசகி, புதுவயல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் உணவகங்களிலும் கல்யாண வீடுகளிலும் பந்திப் பொறுப்பைப் பார்த்து, இப்போது விருந்து ஏற்பாடுகளுக்கு ஆலோசனை சொல்லிவரும் எனக்கு இதுபோன்ற கடிதங்கள் வருவதுண்டு. பெரும்பாலும் எத்தனை வகை, என்ன விலை என்ற அளவிலேயே அவை நின்றுவிடும். யார் உட்காருவது, யாருக்குப் பொட்டலம் என்பது வரை நீங்கள் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். விருந்தின் நல்லது கெட்டது அந்த இடத்தில்தான் முடிவாகிறது என்பதால், உங்கள் கேள்விகளில் கடைசிக்கு முந்தையதிலிருந்து தொடங்குகிறேன்.

நம் ஊர்ச் சாப்பாடே எதற்கு என்று கேட்டவர் மேல் எனக்கு வருத்தமில்லை. வெள்ளைப் பணியாரத்தின் பெயர் தெரியாதவர் இந்தப் பக்கத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் ஆலையில் துப்புரவு வேலை செய்யும் பெண்களிடம், எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த பணியாரத்தைச் சூடு ஆறுவதற்கு முன் உட்கார்ந்து சாப்பிட்டது கடைசியாக எப்போது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வீட்டில் பணியாரம் ஊற்றுகிறவர் அடுப்பை விட்டு நகர முடியாது. மற்ற எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியின் ஓரத்தில் கிடக்கும் ஆறிப்போன இரண்டைத்தான் அவர் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். பெரிய வீட்டு விசேஷங்களுக்கு மாவரைக்கவும் தேங்காய் துருவவும் போய்வந்த பெண்கள் உங்கள் ஆலையிலும் இருக்கக்கூடும். அவர்களுக்கு அந்தப் பலகாரத்தின் பக்குவம் தெரியுமே தவிர, இலைக்கு முன்னால் உட்கார்ந்து, இன்னொருவர் கொண்டுவந்து வைக்க, இன்னும் ஒன்று வைக்கட்டுமா என்று கேட்கப்பட்டு அதைச் சாப்பிட்ட அனுபவம் அரிதாகவே இருக்கும். தெரிந்த பலகாரத்தைத் தெரியாத மரியாதையோடு சாப்பிடுவதற்கு விருந்து என்று பெயர் வைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. இன்னொன்றும் உண்டு. ஆண்டு முழுவதும் நெல்லையும் அரிசியையும் தூக்கி, அவித்து, காயவைத்து, மூட்டை கட்டும் உங்கள் ஆட்களுக்கு, பச்சரிசிப் பணியாரமும் இடியாப்பமும் கவுனி அரிசியுமாக வைக்கும் சாப்பாட்டை விடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் இலை போட்டே பரிமாறுங்கள். பஃபே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது; அது என் கையால் நடந்த பிழை.

பல ஆண்டுகளுக்கு முன், நான் மேலாளராக இருந்த ஓர் உணவகத்தில் ஒரு நிறுவனத்தின் ஆண்டு இறுதி விருந்தை நானே முன்னின்று நடத்தினேன். சுமார் 60 பேர் வந்திருந்தார்கள். அடுக்கு நன்றாக இருந்தது, வகைகளும் குறைவில்லை. அதிகாரிகளும் குடும்பத்தாரும் முதலில் தட்டெடுத்தார்கள், அலுவலகத்தார் அடுத்து எடுத்தார்கள். வண்டிகளை நிறுத்திவிட்டு, மேடைக்கு நாற்காலி போட்டுவிட்டு, கடைசியாக ஓட்டுநர்களும் காவலாளிகளும் வந்தபோது, கறி வைத்த பாத்திரத்தில் கரண்டி அடியில் உரசும் சத்தம்தான் கேட்டது. வயதான காவலாளி ஒருவர் தட்டை இடது கையில் ஏந்தி, மூடியைத் திறந்து பார்த்து, சத்தம் வராமல் மெதுவாக மூடிவிட்டு, தயிர்ச் சோறும் ஊறுகாயும் வைத்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டார். போகும்போது என்னிடம் வந்து, "சாப்பாடு நல்லா இருந்துச்சுங்க ஐயா" என்றார். அளவு போடும்போது நான் தலைக்கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தேன்; யார் கடைசியில் வருவார்கள் என்பதை யோசிக்கவில்லை. பஃபேயில் முதலில் வருகிறவர் தனக்குப் பிடித்ததை இரண்டு பங்கு எடுப்பார். அதில் அவர் தவறு ஒன்றும் இல்லை, அந்த முறை அப்படி. ஆனால் கடைசியில் வருகிறவர் எல்லா நிறுவனங்களிலும் அதே ஆட்களாகத்தான் இருப்பார்கள். இலையில் பரிமாறும்போது கரண்டி பரிமாறுகிறவர் கையில் இருப்பதால், 46-வது ஆளுக்கும் முதல் ஆளுக்குக் கிடைத்த அளவு கிடைக்கும்.

பொட்டல யோசனையை இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள். சுமை தூக்குகிறவர்கள் இல்லாமல் உங்கள் ஆலையில் ஒரு மூட்டை நகராது. அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டு மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டால், அந்த விருந்தைப் பற்றி அடுத்த ஓராண்டுக்கு ஆலையில் பேசப்படுவது அது ஒன்றாகவே இருக்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொட்டலம் தேவைப்படலாம். இரவில் பாய்லரை விட்டு வர முடியாத ஆள் ஒருவரோ இருவரோ உங்களிடம் இருப்பார்கள். அவர்களுக்கான சாப்பாட்டை முதல் பந்தி உட்காருவதற்கு முன்பே, சூடாக, முழு அளவில் கட்டி அனுப்பிவிடச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்தபின் மிஞ்சியதைக் கட்டி அனுப்புவது வேறு, இது வேறு. சாப்பிடுகிறவருக்கு அந்த வேறுபாடு பொட்டலத்தைப் பிரித்தவுடனேயே தெரிந்துவிடும்.

தேதியைப் பற்றி முதலாளியிடம் நீங்கள் கட்டாயம் பேச வேண்டும். டிசம்பர் 31 வேண்டாம். அன்று இரவு உணவகங்களில் கூட்டம் மொய்க்கும். மாஸ்டருக்கு உங்கள் 46 இலைகளின் மேல் கவனம் இருக்காது. கிறிஸ்தவ ஊழியர்கள் இருந்தால் அவர்கள் நள்ளிரவு ஆராதனைக்குப் போக வேண்டியிருக்கும். மறுநாள் விடியற்காலையில் பிள்ளையார்பட்டிக்குப் போவதைப் பலர் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். மார்கழி என்பதால் பெண்கள் இருட்டோடு எழுந்து வாசலில் கோலம் போட வேண்டியதும் இருக்கிறது. முதலாளி வீட்டிலோ அலுவலகத்திலோ நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், இருந்தால், பிள்ளையார் நோன்பு என்றைக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்; திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கழித்து, சஷ்டியும் சதயமும் கூடும் நாளில், பல ஆண்டுகள் அது டிசம்பர் கடைசியில்தான் வந்து விழும், அன்று மாலை இழை எடுத்துக்கொள்ளும் நோன்புச் சடங்குக்கு அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு வாரத்தின் நடுவில் ஒரு சாதாரண நாளை எடுங்கள். அதுபோன்ற நாளில் உணவகத்தாரும் விலையில் கொஞ்சம் இறங்கி வருவார்கள். மாலை 7 மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தால் 9 மணிக்குள் எல்லாம் முடிந்து, பெண்களை ஆலை வண்டியிலேயே வீடு வரை கொண்டுபோய் விட்டுவிடலாம்.

மாலை போட்டவர்கள் விஷயத்தில் பொதுவாக ஒரு முடிவு எடுத்துவிடாமல் ஏழு பேரையும் தனித்தனியாகக் கேளுங்கள். கார்த்திகை முதல் தேதியில் மாலை போட்டு, டிசம்பர் 26 அல்லது 27-ல் வரும் மண்டல பூஜையோடு மலைக்குப் போய்வந்து கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. ஜனவரி நடுவில் மகர ஜோதி பார்த்த பிறகே கழற்றுகிறவர்களும் உண்டு. விரதத்தில் இருப்பவர்களிலும், கறி இல்லாவிட்டால் போதும் என்பவர், வெங்காயம் பூண்டும் ஆகாது என்பவர், வெளியில் எதையுமே தொடாதவர் என்று மூன்று விதமானவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு வகையினருக்கு உணவகத்தில் வழி செய்யலாம். பலகாரங்கள் அனைத்தையும் புது எண்ணெயில், கறி அடுப்பில் ஏறுவதற்கு முன்பே தொடங்கச் சொல்லுங்கள். பரிமாறும் கரண்டிகளையும் வாளிகளையும் தனியாக வைக்கச் சொல்லுங்கள். சைவம் சாப்பிடும் 12 பேருக்கும் ஒரே வரிசையாக இலை போட்டு, அந்த வரிசைக்கு ஒரே ஆள் மட்டும் பரிமாறட்டும். மூன்றாம் வகையில் ஒருவர் இருந்தால், அவருக்கு வாழைப்பழமும் இளநீரும் வாங்கி வைத்து, அவரையும் வரச் சொல்லி உட்காரவையுங்கள். விரதக்காரரை ஐயப்ப சாமியாக மதித்து முதலில் கவனிப்பது இங்கே ஊர் வழக்கம். அது உங்கள் வேலையை எளிதாக்கும்.

முஸ்லிம் ஊழியர்கள் இருவருக்காகத் தனிக் கறி சமைக்க வேண்டியதில்லை. ஹலால் முறையில் அறுக்கும் கடையிலிருந்தே அன்றைய கறியையும் கோழியையும் வாங்கும்படி உணவகத்தாரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால், எல்லோரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிடலாம். அதை அவர்கள் உறுதியாகச் சொல்ல மறுத்தால், அந்த இருவரிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லி, சைவ வரிசையில் அவர்களுக்கு நிறைவாகக் கிடைக்கும்படி செய்யுங்கள். தெரியாமல் ஆமாம் என்று சொல்லிவிடுவது பெரிய தவறு.

மது வேண்டாம். உரிமம் இல்லாத உணவகத்தில் அதை வைப்பது சட்டப்படி குற்றம். அதோடு, பணியிடத்தில் பெண்களின் பாதுகாப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை தொடர்பாக ஊழியர்கள் போகும் வெளியிடங்களையும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியையும் பணியிடமாகவே கருதுகிறது. ஆகவே அன்று இரவு நடப்பதற்கு நிறுவனம் பொறுப்பாளி. இளைஞர்களிடம் முதலாளி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். அவர்கள் சொன்ன 22 வகையில் சூப்பும் நூடுல்ஸும் பன்னீர் பட்டர் மசாலாவும் ஐஸ்கிரீமும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றை எடுத்துவிட்டால் செட்டிநாட்டுச் சமையல் என்று மிஞ்சுவது ஆறோ ஏழோதான் இருக்கும். அந்த ஏழு வகைகளைச் சரியாகச் செய்யச் சொல்வதே உங்கள் வேலை. இந்தப் பக்கத்து வீடுகளில் இரவு என்றால் பலகாரம்தான். ஆகவே முதலில் இனிப்பாகக் கவுனி அரிசி, பிறகு வரமிளகாய்த் துவையலோடு வெள்ளைப் பணியாரம், பிறகு இடியாப்பம் வரட்டும். இடியாப்பத்துக்கு, கறி சாப்பிடுகிறவர்களுக்குக் கோழிக் குழம்பும், சைவக்காரர்களுக்குக் கத்தரிக்காயை வேகவைத்து மசித்துப் புளி கரைத்துத் தாளித்த கோசமல்லியும் வையுங்கள். அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். பகல் முழுதும் மூட்டை தூக்கியவருக்குச் சோறு இல்லாமல் வயிறு நிறைந்ததாகத் தோன்றாது. கடைசியில் ஒரு கை சோறு, வெண்டைக்காய் மண்டி, உப்புக்கறி, ரசம், மோர் என்று முடியட்டும். அரிசி கழுவிய கழுநீரில் புளி கரைத்து வைக்கும் மண்டிக்கு, அரிசி ஆலைக்காரர்களின் இலையில் ஓர் இடம் இருந்தே ஆக வேண்டும் என்பது என் ஆசை. கறி இல்லாதவர்களின் இலை வெறுமையாகத் தெரியாதபடி வாழைப்பூ வடை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை எல்லோருக்குமே வைக்கலாம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மாலையில், யார் என்று சொல்லாமல், அந்த உணவகத்துக்குப் போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். உப்புக்கறி கேளுங்கள். சிறிதாக நறுக்கிய ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளிப் போட்ட வரமிளகாய், உப்பு, நல்லெண்ணெய், இவ்வளவுதான் அதற்கு வேண்டும். கறி தன் நீரிலும் வெங்காயத்தின் நீரிலும் வெந்து, கடைசியில் எண்ணெய் பிரிந்து சுருண்டு வர வேண்டும். முந்திரி அரைத்துவிட்ட சிவப்புக் குழம்பு ஒன்று உப்புக்கறி என்ற பெயரில் வந்தால் அங்கே ஒரே மசாலாவை எல்லாவற்றிலும் கொட்டுகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். கோழிக் குழம்பில் கல்பாசியின் மணம் மெல்லியதாகத் தெரிய வேண்டும். அதைச் சூடான எண்ணெயில் சோம்போடும் பட்டையோடும் முதலில் போட்டுப் பொரித்தால்தான் அந்த மணம் எழும். காரம் மிளகிலிருந்து வருகிறதா, வெறும் மிளகாய்த் தூளிலிருந்து வருகிறதா என்பது நாக்குக்கு உடனே தெரியும். மிளகின் காரம் தொண்டையில் நின்று இறங்கும், மிளகாய்த் தூளின் காரம் உதட்டிலேயே எரியும். கண்ணில் நீர் வரவைப்பது செட்டிநாட்டுச் சமையல் என்று வெளியூர்களில் பரவிவிட்ட எண்ணத்தை நம் ஊர் உணவகங்களே நம்பத் தொடங்கியிருப்பது எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிறது.

வெள்ளைப் பணியாரத்தைப் பற்றி மாஸ்டரிடம் நீங்களே நேரில் பேசுங்கள். பச்சரிசியைத் தலைதட்டி ஒரு டம்ளர் அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, சரியாமல் நிற்கும் அளவுக்குப் போடுவதுதான் அதன் அளவு. ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, உப்பும் சிட்டிகை சர்க்கரையும் சேர்த்து, கொஞ்சம் பால் விட்டுக் கலக்கிக்கொள்வார்கள். காய்ந்த எண்ணெயின் நடுவில் ஒரு கரண்டி மாவை விட்டதும் அது அடியில் போய், ஒரு நொடி தயங்கி, ஓரம் மெல்லியதாகவும் நடு பொதபொதவென்றும் உப்பி மேலே வரும். திருப்பிப் போட்டு, நிறம் மாறுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். ஒன்றொன்றாக ஊற்றி எடுக்க வேண்டிய பலகாரம் அது. ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடிக்கும் என்று வைத்தால், தலைக்கு 4 வீதம் 46 பேருக்கு 184, கூடுதலாகக் கொஞ்சம் சேர்த்து 200 பணியாரம். இரண்டு சட்டியில் ஊற்றினால் 100 நிமிடம் ஆகும். இந்தக் கணக்கைப் போடாத உணவகத்தார் மாலை 5 மணிக்கே எல்லாவற்றையும் ஊற்றி, மூடி வைத்துவிடுவார்கள். உங்கள் இலைக்கு வரும்போது அது தோல் போல இழுபடும். நான்கு சட்டிகள் வைத்து, பந்தியை இரண்டாகப் பிரித்து, ஒரு பந்திக்கு 23 பேர் என்று உட்காரவைத்தால், பரிமாற வேண்டிய 92 பணியாரமும் 25 நிமிடத்துக்குள் சூடாக வந்துகொண்டே இருக்கும். முதலில் உட்கார்ந்தவருக்கு இரண்டு, பிறகு ஒரு சுற்று வந்து இரண்டு என்று வைக்கச் சொல்லுங்கள்.

கவுனி அரிசியை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும்; கறுப்பு அரிசியான அது எளிதில் வேகாது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன நகரத்தார் பர்மாவிலிருந்து இங்கே கொண்டுவந்து சேர்த்த அரிசி அது. நன்றாகக் குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கிளறியதை இலையில் ஒரு கரண்டி வைத்தால் போதும். உங்கள் ஆலைக்காரர்கள் அந்த அரிசியைப் பார்த்ததும் அதன் உமி, தவிடு, அரைவை பற்றிப் பேசத் தொடங்குவார்கள் பாருங்கள்.

அளவுகளை நான் போடுகிற வழக்கத்தில் சொல்கிறேன், உணவகத்தாரிடம் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கறி சாப்பிடுகிறவர்கள் 34 பேர். எலும்போடு எடுத்த ஆட்டுக்கறி தலைக்கு 120 கிராம் வீதம் நாலரைக் கிலோ, கோழி 150 கிராம் வீதம் ஐந்தரைக் கிலோ போதும். இடியாப்பம் தலைக்கு மூன்று வீதம் 150. இத்தனை பலகாரத்துக்குப் பிறகு சோற்றுக்கு 4 கிலோ அரிசி பொதுவாகப் போதும் என்றாலும், சுமை தூக்குகிறவர்களை நினைத்து 5 கிலோ போடச் சொல்லுங்கள். கவுனி அரிசி ஒன்றரைக் கிலோ.

பணக் கணக்கைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். இலைக்கு ரூ.650 என்றால் 46 பேருக்கு ரூ.29,900, அதன் மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.1,495 சேர்ந்தால் ரூ.31,395 ஆகி, உங்கள் ஒதுக்கீட்டைத் தாண்டிவிடும். பழைய வீட்டை விடுதியாக மாற்றியிருக்கும் இடங்களில், ஒரு நாள் அறை வாடகை ரூ.7,500-க்கு மேல் போகும் விடுதியின் உணவகம் என்றால் வரி 18 சதவீதம். அதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வகைகளைக் குறைத்து, வார நடுவில் ஒரு நாளைச் சொல்லி, ரூ.600-க்குப் பேசிப் பாருங்கள், ரூ.27,600-ம் வரி ரூ.1,380-ம் சேர்த்து ரூ.28,980 வரும், கையில் ரூ.1,020 மிஞ்சும். அதைப் பரிமாறியவர்களுக்கும் அடுப்படியில் நின்றவர்களுக்கும் உங்கள் கையாலேயே பிரித்துக் கொடுங்கள். சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு வரியைப் பில்லில் அவர்களாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதி வகுத்தது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் அச்சாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தைப் பற்றி மறுபடி யோசியுங்கள்.

உட்காரும் விதத்தை உணவகத்தாரிடம் விடாமல் நீங்களே முடிவு செய்யுங்கள். இரண்டு பந்தி என்று வரும்போது, அலுவலகத்தார் முதல் பந்தி, மற்றவர்கள் இரண்டாம் பந்தி என்று தானாகப் பிரிந்துவிடும். அப்படி விட்டுவிடாமல் சீட்டுக் குலுக்கிப் போட்டோ, வீடு தூரமாக உள்ளவர்கள் முதலில் என்றோ பிரியுங்கள். துப்புரவுப் பெண்களும் ஓட்டுநர்களும் முதல் பந்தியில் கட்டாயம் சிலராவது இருக்க வேண்டும். ஓட்டுநருக்கு அடுத்த இலையில் மேலாளர் உட்கார்ந்தால் எதுவும் குறைந்துவிடாது. சைவ வரிசைக்கும் மற்றதற்கும் நடுவே ஓர் இடைவெளி போதும், வேறு அறை வேண்டாம்.

முதலாளியிடம் ஒரு வேண்டுகோளை நான் சொன்னதாகவே சொல்லுங்கள். இந்த ஊரில் பெரிய வீடுகளின் உள்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் பந்தி நடக்கும்போது, விருந்து வைத்தவர் உட்காருவதில்லை. கையைக் கட்டிக்கொண்டு இலைகளின் நடுவே நடந்து, யார் இலையில் என்ன தீர்ந்திருக்கிறது என்று பார்த்து, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு வைக்கச் சொல்வார். பந்தி விசாரிப்பது என்று அதைச் சொல்வோம். முதல் பந்தியை முதலாளி அப்படி விசாரித்துவிட்டு, இரண்டாவது பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடட்டும். மேடை, ஒலிபெருக்கி, நீண்ட பேச்சு எதுவும் வேண்டாம். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, இன்னும் ஓர் இடியாப்பம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்பதே போதும். 46 பேரின் பெயரும் அவருக்குத் தெரியாது என்றால், முதல் நாளே நீங்கள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒன்று. ஏற்பாடு செய்கிறவர் இரவு முழுவதும் அடுப்படிக்கும் பந்திக்கும் ஓடிவிட்டு, எல்லோரும் போன பிறகு ஒரு வாழைப்பழத்தோடு வீட்டுக்குப் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முதல் பந்தி உட்காரும்போது அலுவலகத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, துப்புரவுப் பெண்களுக்குப் பக்கத்து இலையில் நீங்களும் உட்காருங்கள். பணியாரம் சூடாக வருகிறதா என்பதை அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.